அரை மணி நேரம், ஒரு பெட்டிப் பொம்மை: மனம் காயப்பட்ட குழந்தையோடு விளையாடுவது எப்படி

தாத்தா இறந்து இரண்டு வாரம் ஆகிறது. ஐந்து வயதுக் குழந்தை ஒரு சொட்டுக்கூட அழவில்லை. "உனக்கு வருத்தமா இருக்கா?" என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறது. ஆனால் தனியாக இருக்கும்போது கரடிப் பொம்மையைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறது. இழுத்து எடுக்கிறது. மறுபடி தள்ளுகிறது. கேள்விக்கு வராத பதில் கட்டிலுக்கு அடியில் வந்துகொண்டிருக்கிறது.

சிறு குழந்தையால் துக்கத்தைச் சொல்லில் கொண்டுவர முடியாது, பொம்மையில் கொண்டுவர முடியும். விளையாட்டு சிகிச்சை முழுவதும் இதை நம்பித்தான் நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் இதற்கு எட்டுக் கோட்பாடுகள் வகுத்தார். அவற்றின் சாரம்: குழந்தை முன்னால் போகட்டும், பெரியவர் பின்னால் வரட்டும், தேவையான எல்லைகள் மட்டும் இருக்கட்டும். 1960களில் அமெரிக்க உளவியலாளர்களான பெர்னார்டு கெர்னியும் லூயிஸ் கெர்னியும் இதே முறையைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு விளையாட்டு சிகிச்சைப் பேராசிரியர் கேரி லாண்ட்ரெத் அதைப் பத்து வாரப் பயிற்சியாகச் சுருக்கினார். வாரம் ஒரு முறை 30 நிமிடம், ஒரு குழந்தையோடு ஒரு பெற்றோர். 2005இல் 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வில், பயிற்சி பெற்ற பெற்றோரே நடத்திய அமர்வுகளில் பலன் சராசரியைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. அந்தப் பெற்றோர் ஒரு நிபுணரின் மேற்பார்வையில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கீழே இருப்பது அந்த வீட்டு முறை. மூன்று வயது முதல் பத்து வயது வரை பொருந்தும். பிரிவு, இழப்பு, இடமாற்றம், பெற்றோரின் மணமுறிவு, மருத்துவமனை அனுபவம், விபத்து போன்றவற்றுக்குப் பிறகு தடுமாறும் குழந்தைக்கு உதவும். வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றுக்கு இது போதாது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

பெட்டியில் என்னென்ன

ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கும் அளவுக்குப் பொம்மைகள் போதும். இருபதைத் தாண்டினால் குழந்தை தேடிக்கொண்டே நேரத்தைக் கழிக்கும். மூன்று வகையும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் வகை, வீட்டையும் பராமரிப்பையும் சொல்பவை. அப்பா, அம்மா, பிள்ளைகள், முதியவர் என நான்கைந்து மனிதப் பொம்மைகள், ஒரு கைக்குழந்தைப் பொம்மை, பால் புட்டி, சின்னச் சமையல் சாமான், டாக்டர் செட், ஒட்டும் பேண்டேஜ், இரண்டு பொம்மைத் தொலைபேசி. தொலைபேசி ஏன் இரண்டு என்றால், நேரில் சொல்லத் தயங்குவதைக் குழந்தை போனில் சொல்லும். மறுமுனையில் பேச ஆள் வேண்டுமே.

இரண்டாவது வகை, கோபத்துக்கும் பயத்துக்கும். கடிக்க வருகிற விலங்குகள் மூன்று நான்கு (சிங்கம், பாம்பு, முதலை), சாதுவான விலங்குகள் மூன்று நான்கு, போர் வீரர்கள், ரப்பர் கத்தி, நுரை அம்பு எய்யும் துப்பாக்கி. ஆயுதப் பொம்மையைப் பார்த்ததும் பல பெற்றோருக்கு நெஞ்சு திக்கென்றாகும். அடித்துத் தீர்த்தால் கோபம் வடிந்துவிடும் என்பதற்காக இவை பெட்டியில் இல்லை; அந்த நம்பிக்கை ஆராய்ச்சியில் நிற்கவும் இல்லை. கையாலாகாமல் நின்ற ஒரு குழந்தை, விளையாட்டிலாவது வலிமை உள்ளவராக மாறிப் பார்க்க இவை வேண்டும். துப்பாக்கி மனதுக்கு ஒப்பவே இல்லையென்றால் முதலையும் கத்தியும் போதும். ஆனால் இந்த வகையை முழுவதுமாக எடுத்துவிட்டால், "இங்கே நல்ல பிள்ளையாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள்" என்று குழந்தை படித்துக்கொள்ளும்.

மூன்றாவது வகை, உருவாக்குபவை. எட்டு நிறக் கிரேயான், வெள்ளைத் தாள் இருபது, முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஒட்டும் டேப், பிசைந்து உருவம் செய்யும் கலர் மாவு, பெரிய துணி ஒன்று. அந்தத் துணி குகையாகும், வெள்ளமாகும், பிணமும் ஆகும்.

நடந்த சம்பவத்தை ஒட்டி ஒன்றிரண்டு சேர்க்கலாம்: விபத்தென்றால் காரும் ஆம்புலன்சும், தீ விபத்தென்றால் தீயணைப்பு வண்டி. அவற்றைப் பெட்டியில் மற்றவற்றோடு கலந்து போடுங்கள். எடுத்து நீட்டாதீர்கள்.

வைக்கக் கூடாதவை: பேட்டரி பொம்மை, திரைப் பாத்திரங்கள், புத்தகம், விதிகள் உள்ள போர்டு விளையாட்டு. இவை தம் கதையைத் தாமே கொண்டுவந்துவிடும். எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை பொம்மை வேண்டாம் என்றால் மட்டும் கைவினைப் பொருள், சீட்டுக்கட்டு போன்றவற்றைச் சேர்க்கலாம்.

இந்தப் பெட்டி மற்ற நேரங்களில் கண்ணில் படக் கூடாது. தினமும் கைக்குக் கிடைக்கும் பொம்மை சாதாரணப் பொம்மையாகிவிடும்.

இடமும் நேரமும்

தரையில் ஒரு போர்வையை விரியுங்கள். அதுதான் எல்லை. பொம்மைகளை அதன் விளிம்பில் வகை வகையாகப் பரப்பி வையுங்கள். நடுவில் இடம் காலியாக இருக்கட்டும். உடையும் பொருள் எதுவும் அருகில் வேண்டாம்.

ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே நேரம், அதே இடம். தொடங்குவதற்கு முன் குழந்தை கழிப்பறை போய்விட்டு வரட்டும். உங்கள் போன் அடுத்த அறையில் இருக்கட்டும். சைலண்டில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பது கணக்கில் சேராது, கை தானாகப் போகும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி நேரம்.

இந்த அரை மணி நேரத்தைப் பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்கிவிடாதீர்கள். "இன்னைக்குத் தம்பியை அடிச்ச, அதனால விளையாட்டு கிடையாது" என்ற ஒரு வாக்கியம் நான்கு வார வேலையைக் கெடுக்கும். குழந்தை மிகவும் மோசமாக நடந்துகொண்ட நாளில்தான் அதற்கு இது அதிகம் தேவைப்படுகிறது.

முதல் வாக்கியம்

"இது நம்ம ரெண்டு பேரோட விளையாட்டு நேரம். இங்க இருக்கறதை வெச்சு உனக்குப் பிடிச்ச மாதிரி நிறைய விதமா விளையாடலாம்."

இவ்வளவுதான். "என்ன வேணும்னாலும் பண்ணலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்தாவது நிமிடம் கிரேயான் சுவருக்குப் போகும்போது சொன்ன சொல்லை நீங்களே மீற வேண்டிவரும். விதிகளை முன்கூட்டிப் பட்டியல் போடவும் வேண்டாம். அடக்கமான குழந்தை அதைக் கேட்டே ஒடுங்கிவிடும், துடுக்கான குழந்தைக்கு அது யோசனைப் பட்டியல்.

சொல்லிவிட்டு உட்காருங்கள், குழந்தையின் கண் மட்டத்தில், உடல் முழுதும் அதன் பக்கம் திரும்பி. குழந்தை இடம் மாறினால் உங்கள் மூக்கும் முழங்காலும் சேர்ந்து திரும்பட்டும். தலை மட்டும் திரும்பினால் பாதி ஆள்தான் அங்கே இருக்கிறீர்கள்.

வாயை என்ன செய்வது

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். நாம் குழந்தையோடு பேசும் வழக்கமான பேச்சை எடுத்துப் பாருங்கள்: "இது என்ன கலர்?", "அதை இப்படி வைக்கணும்", "சூப்பர்!". கேள்வி, பாடம், பாராட்டு. இந்த அரை மணி நேரம் மூன்றும் வேண்டாம். அவற்றுக்குப் பதிலாகச் செய்ய வேண்டியவை நான்கு.

பார்ப்பதைச் சொல்லுங்கள். "அதை உள்ள வைக்கற." "இப்போ அது கீழ விழுந்துடுச்சு." பெயர் சூட்டாதீர்கள். குழந்தை காரை எடுத்தாலும் அதன் வாயிலிருந்து "கார்" என்று வரும்வரை அது "அது"தான். அதன் மனதில் அது ராக்கெட்டாக இருக்கலாம், இறந்துபோன நாயாகவும் இருக்கலாம். விளையாட்டு வர்ணனைபோல விடாமல் பேசவும் வேண்டாம். சில விநாடிக்கு ஒரு வாக்கியம் போதும். குழந்தை "ஏன் இப்படிப் பேசற?" என்று கேட்டால், "நான் உன்னையே பார்த்துக்கிட்டு இருக்கேன்னு உனக்குத் தெரியணும்னுதான்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் குறையுங்கள்.

உணர்வைச் சொல்லுங்கள். கோபுரம் சரிந்து குழந்தை கட்டையை வீசினால், "எரிச்சலா இருக்கு. நிக்கணும்னு நெனச்ச." பொம்மை வழியாக வரும் உணர்வைப் பொம்மையிலேயே விடுங்கள்: "அந்தக் குட்டிக்கு ரொம்பப் பயமா இருக்கு." "உனக்கும் அப்படித்தானே, அன்னைக்கு ஆஸ்பத்திரியில?" என்று திரையைக் கிழிக்காதீர்கள். பயத்தைக் குட்டியின் மேல் ஏற்றியிருப்பதால்தான் குழந்தையால் அதை நெருங்க முடிகிறது. தன் பயம் என்று தெரிந்த மறுகணம் விளையாட்டு நின்றுவிடும். உங்கள் விளக்கம் சரியாகவே இருந்தாலும் இதுதான் நடக்கும்.

பொறுப்பைத் திருப்பிக் கொடுங்கள். "இது என்ன?" என்றால் "நீ என்ன வேணா ஆக்கிக்கலாம்." "மூடியைத் திறந்து குடு" என்றால், அதனால் முடியும் என்று தெரிந்தால், "எப்படித் திறக்கறதுன்னு காட்டு". முடியாது என்று தெரிந்தால் சேர்ந்து திறங்கள். ஐந்து நிமிடம் தவிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பது இந்த முறையில் இல்லை.

முயற்சியைச் சொல்லுங்கள். படத்தை நீட்டி "நல்லா இருக்கா?" என்று கேட்டால், "ஓரமெல்லாம் விடாம கலர் அடிச்சிருக்க. உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு போல." பாராட்டில் என்ன தப்பு என்று தோன்றும். "அழகு" என்று சொன்னதும் அடுத்த படத்தைக் குழந்தை உங்களுக்காக வரையும். அழகில்லாததை, கறுப்பாகக் கிறுக்க வேண்டியதை, உங்களிடம் காட்டாமல் வைத்துக்கொள்ளும்.

குழந்தை உங்களுக்கு ஒரு வேஷம் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வசனம் அதனுடையது. குரலைத் தாழ்த்தி, "நான் இப்போ என்ன சொல்லணும்?" என்று ரகசியமாகக் கேளுங்கள். "நீ அழணும், நான் வர மாட்டேன்" என்று பதில் வரலாம். அப்படியே செய்யுங்கள், உண்மையாகவே அழுது. தன்னை விட்டுப் போனவரின் இடத்தில் நின்று குழந்தை உங்களைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் அதைச் சமாதானப்படுத்தப் போனால் காட்சி கலைந்துவிடும்.

பேசாமல் இருக்கும் குழந்தை? பேச வைக்காதீர்கள். அது மாவைப் பிசைந்தால் "அழுத்தி அழுத்திப் பிசையற" என்று சொல்லிவிட்டு இருங்கள். முதல் இரண்டு அமர்வு முழுக்க அப்படியே போனாலும் அது வீணில்லை.

எல்லை போடுவது

எல்லை இல்லாத இடத்தில் குழந்தைக்குப் பயம் போகாது. எல்லைகள் கொஞ்சம்தான்: தன்னைக் காயப்படுத்தக் கூடாது, உங்களைக் காயப்படுத்தக் கூடாது, அறையையும் பொம்மையையும் வேண்டுமென்று உடைக்கக் கூடாது, பொம்மைகள் போர்வையை விட்டு வெளியே போகக் கூடாது, நேரம் முடிந்தால் முடிந்தது. மீறப்போகும் தருணத்தில் மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். லாண்ட்ரெத் வகுத்த வரிசை மூன்று படி.

குழந்தை துப்பாக்கியை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுகிறது என்று வையுங்கள்.

முதலில் உணர்வு: "என்னைச் சுடணும்னு இருக்கு உனக்கு."

அடுத்து எல்லை: "ஆள் மேல சுடறது கிடையாது."

மூன்றாவதாக மாற்று வழி: "அந்தத் தலையணையை நான்னு நெனச்சுச் சுடலாம்." சொல்லும்போதே தலையணையைக் கையால் காட்டுங்கள். குழந்தையின் பார்வை உங்களை விட்டுத் திரும்பும்.

வரிசை மாறக் கூடாது. "கூடாது" முதலில் வந்தால் குழந்தை எதிர்க்கத் தயாராகிவிடும், பிறகு சொல்வது காதில் விழாது. மூன்றாவது படியை விட்டுவிட்டால் கோபம் போக வழியின்றி நிற்கும். குரல் உயரக் கூடாது. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொல்லுங்கள். "ப்ளீஸ், சரியா?" என்று இழுக்காதீர்கள். அது எல்லையைக் கேள்வியாக்கிவிடும்.

மூன்று முறை சொல்லியும் தொடர்ந்தால் தேர்வை அதன் கையில் கொடுங்கள்: "மறுபடி என்னைச் சுட்டா, இன்னைக்குத் துப்பாக்கி வேண்டாம்னு நீ முடிவு பண்றேன்னு அர்த்தம். தலையணையைச் சுட்டா துப்பாக்கி உன்கிட்டயே இருக்கும்." மறுபடி சுட்டால் சொன்னபடி எடுத்து வையுங்கள். அழுதால் "துப்பாக்கி வேணும்னு ரொம்ப ஆசையா இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் அது மீண்டும் பெட்டியில் இருக்கும்; பழைய கணக்கை எடுக்காதீர்கள்.

உங்களால் எதைத் தாங்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாவு தரையில் ஒட்டினால் உங்கள் முகம் மாறும் என்றால் தரையில் பிளாஸ்டிக் விரியுங்கள். முகத்தில் எரிச்சலும் வாயில் பொறுமையுமாக இருந்தால் குழந்தை முகத்தைத்தான் நம்பும்.

முடிப்பது

ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை, ஒரு நிமிடம் இருக்கும்போது ஒருமுறை சொல்லுங்கள். நேரம் ஆனதும் எழுந்து நில்லுங்கள்: "இன்னைக்கு நம்ம நேரம் முடிஞ்சுது." குழந்தை கெஞ்சும். "இன்னும் விளையாடணும்னு இருக்கு. அடுத்த வாரம் இதே நேரம் வருவோம்." சரியாகக் கடைசி நிமிடத்தில்தான் பல குழந்தைகள் கனமான விஷயத்தை எடுப்பார்கள். மனம் இளகி இருபது நிமிடம் நீட்டினால், அடுத்த முறை வீட்டில் யாருடைய சொல் நிற்கும் என்று குழந்தைக்கே தெரியாமல் போகும். பொம்மைகளை நீங்களே எடுத்து வையுங்கள். தான் பரப்பிவைத்த துக்கத்தைக் குழந்தையே அடுக்கி வைக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பிறகு குழந்தையிடம் பேசாதீர்கள். உறவினர்களிடம் குழந்தையின் காதுபடச் சிரித்துச் சொல்வது அதைவிட மோசம்.

வாரங்கள் போகப் போக

முதல் அமர்வுகளில் குழந்தை தொட்டுத் தொட்டுப் பார்க்கும், உங்களை உற்றுப் பார்க்கும், எல்லையைச் சோதிக்கும். நம்பிக்கை வந்த பிறகு விளையாட்டு கரடுமுரடாக ஆகலாம்: சண்டை, சாவு, புதைப்பு. சில குழந்தைகள் பால் புட்டியைச் சூப்புவார்கள், மழலை பேசுவார்கள். இந்தக் கட்டத்தில் வீட்டிலும் கொஞ்சம் முரண்டு கூடலாம். நிறைய பெற்றோர் "இதனால்தான் மோசமாகிறது" என்று பயந்து இங்கேதான் நிறுத்துகிறார்கள். பிறகு ஆம்புலன்ஸ் வரும், டாக்டர் வருவார், செத்த பொம்மை எழும், யாரோ சோறு ஆக்குவார்கள். உள்ளே ஏதோ ஒழுங்காகிறது என்பதற்கு அவை அடையாளம்.

ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் ஐந்து வரி எழுதுங்கள்: எதை எடுத்தது, கதை என்ன, எப்படி முடிந்தது, எந்த எல்லை தேவைப்பட்டது, உங்களுக்குள் என்ன ஓடியது. முடிவு எப்படி மாறுகிறது என்பது ஆறேழு வாரத்துக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

ஒரே விளையாட்டு சுற்றிச் சுற்றி வந்தால்

திரும்பத் திரும்ப விளையாடுவது இயல்புதான். பத்தாவது முறை வண்டி கவிழும்போது ஓட்டுநர் தப்பினால், அல்லது குழந்தை பெருமூச்சு விட்டால், வேலை நடக்கிறது. வேறொரு வகையும் உண்டு. 1976இல் அமெரிக்காவின் சௌசில்லாவில் ஒரு பள்ளிப் பேருந்து கடத்தப்பட்டு, 26 குழந்தைகளும் ஓட்டுநரும் மண்ணுக்கடியில் புதைத்த லாரிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டார்கள், பிறகு தப்பினார்கள். அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அதிர்ச்சிக்குப் பின் வரும் விளையாட்டு இறுக்கமாகவும் மாறாமலும் மகிழ்ச்சியின்றியும் இருக்கும், விளையாடி முடித்தும் பதற்றம் குறையாது என்று பதிவுசெய்தார்.

உங்கள் குறிப்பில் நான்கைந்து வாரமாக ஒரே காட்சி அணுவளவும் மாறாமல் இருந்து, குழந்தை முகம் வெளுத்து, மூச்சு இறுகி, விளையாடிய பிறகு இன்னும் கலங்கிப்போனால், நீங்களாகக் கதையை நல்லபடியாக முடித்து வைக்கப் பார்க்காதீர்கள். பார்த்த காட்சியை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு விளையாட்டு சிகிச்சையில் பயிற்சி பெற்ற நிபுணரிடம் போங்கள். அந்தக் குறிப்பு அவருக்கு மிகவும் உதவும்.

அங்கே, சிறு பொம்மைகளை வைத்துக் குழந்தை தன் உலகத்தை அமைத்துக் காட்டும் மணல் தட்டும் இருக்கலாம்: சுமார் 72 செ.மீ. நீளம், 57 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம், உட்புறம் நீலம். மணலை ஒதுக்கினால் அந்த நீலம் தண்ணீர் போலத் தெரியும். 1929இல் லண்டனில் குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்டு தொடங்கிவைத்த வழி இது, பின்னர் சுவிட்சர்லாந்து சிகிச்சையாளர் டோரா கால்ஃப் வளர்த்தெடுத்தார். வீட்டிலும் மணலில் விளையாட விடலாம். அதை வைத்து அர்த்தம் சொல்ல மட்டும் முயல வேண்டாம்.

வீட்டில் தொடராமல் உடனே உதவி தேட வேண்டிய இடங்கள்

சாக வேண்டும் என்று குழந்தை சொன்னாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்காதீர்கள். பயங்கரக் கனவு, திடுக்கிடல், சம்பவத்தை நினைவூட்டும் எதையும் தவிர்த்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், தூக்கம், சாப்பாடு, பேச்சு குலைந்தாலும் நிபுணரைப் பாருங்கள். வீட்டில் வன்முறை இன்னும் நடந்துகொண்டிருந்தால் முதலில் குழந்தைக்குப் பாதுகாப்பு. ஆபத்து தொடரும் இடத்தில் விளையாட்டு எதையும் ஆற்றாது.

வயதுக்குப் பொருந்தாத பாலியல் காட்சியைக் குழந்தை துல்லியமாக நடித்தாலோ, யாரோ தொட்டதாகச் சொன்னாலோ துருவாதீர்கள். "யாரு? மாமாவா?" என்று பெயரை நீங்கள் எடுத்துக்கொடுத்தால் பிறகு உண்மையைப் பிரித்தறிவது கடினமாகிவிடும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் வார்த்தைகளை அப்படியே எழுதி, தேதி நேரம் போட்டு, குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்களிடம் அன்றே கொண்டுபோங்கள்.

நிறுத்தும்போது

பத்து வாரம் ஓரளவு போதும், தேவைப்பட்டால் நீளட்டும். எப்போது முடித்தாலும் திடீரென்று முடிக்காதீர்கள். யாரோ திடீரென்று போனதால்தான் இந்தக் குழந்தைகளில் பலர் இங்கே வந்திருக்கிறார்கள். மூன்று வாரம் இருக்கும்போதே ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டு, அமர்வு முடியும்போதெல்லாம் ஒன்றைக் குழந்தையே நிரப்பட்டும். கடைசி நாளில் கோபப்பட்டாலும், கண்டுகொள்ளாததுபோல் இருந்தாலும், அதையும் மற்றதைப் போலவே சொல்லுங்கள்: "இது முடியறது உனக்குப் பிடிக்கல." பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாமல் சில மாதம் வைத்திருங்கள். குழந்தையே ஒருநாள் அதைக் கேட்கும்.